இரண்டாவது பொட்டலம்

அடைக்கலத்தின் வீட்டில் சாவு அவசரப்பட்டு வந்ததில்லை.

அவருடைய அப்பா தொண்ணூற்றாறு வயதில் வாழைக்கு முட்டுக்கொடுக்கும் சவுக்குக் கம்பைத் தூக்கிக்கொண்டு போகும்போது விழுந்தார். விழுந்த பிறகும் பல வருஷம் படுக்கையில் இருந்துவிட்டுத்தான் போனார். அக்கா அமிர்தம் நூறைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். மனைவி எண்பத்தெட்டில் இறந்தபோது, பாவம் கொடுத்துவைக்கவில்லை, சீக்கிரம் போய்விட்டாள் என்று ஊர் பேசிக்கொண்டது. அடைக்கலத்துக்கு இப்போது தொண்ணூற்றெட்டு நடக்கிறது.

ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, மேலூரும் தாண்டி, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் மண் குறுகிக்கொண்டே போகிற இடத்தில் அவர்கள் வீடு. சுற்றிலும் வாழை. புதிதாகக் கல்யாணமானவர்கள் அடைக்கலத்தின் காலில் விழ வருவார்கள். பிள்ளை பெற்றவர்கள் குழந்தையை அவர் மடியில் ஒரு நிமிஷம் கிடத்தி எடுத்துக்கொண்டு போவார்கள். ஒருமுறை யூடியூப்காரர் ஒருவர் வந்து, ஆயுசின் ரகசியம் என்ன என்று கேட்டார். கம்பங்கூழ், ஆற்றுத் தண்ணீர் என்று அடைக்கலம் ஏதோ சொன்னார். அவர் சாய்ந்துவிடாமல் பின்னால் இருந்து ஒரு கை பிடித்துக்கொண்டிருந்தது. வீடியோவில் அந்தக் கை முழங்கை வரைக்கும் தெரிந்தது.

அது மலர்க்கொடியின் கை. அடைக்கலத்தின் மகள். ஐம்பத்தேழு வயது. கல்யாணம் ஆகவில்லை.

முதலில் தாத்தாவைப் பார்த்துக்கொண்டாள். பிறகு அமிர்தம் அத்தையை. பிறகு அம்மாவை. இப்போது அப்பாவை. பார்த்துக்கொள்வது என்றால் சும்மா இல்லை. முதுகில் புண் வராமல் புரட்டிப் போட வேண்டும். சோற்றைக் குழைத்து, விழுங்கிவிட்டாரா என்று தொண்டையைப் பார்த்து அடுத்த வாய் கொடுக்க வேண்டும். துணி அலச வேண்டும். கூப்பிட்ட குரலுக்குப் போக வேண்டும். கூப்பிடாவிட்டால் இன்னும் வேகமாகப் போக வேண்டும்.

ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று யாராவது கேட்டால் அவளிடம் பதில் இருந்தது. ஆத்தா உத்தரவு கொடுக்கவில்லை.

அவர்கள் குலதெய்வம் படுகையாயி. கொள்ளிடக் கரையில் ஒரு வேப்பமரம், ஒரு தகரக் கூரை, கூரைக்குள் ஒரு கல். அந்த வீட்டில் எந்தக் கல்யாணமும் படுகையாயியிடம் பூக் கேட்காமல் நடக்காது. கொழுந்து வாழையிலைத் துண்டு ஒன்றில் செவ்வரளி, இன்னொன்றில் வெள்ளை நந்தியாவட்டை. இரண்டையும் ஒரே அளவாகச் சுருட்டி வாழைநாரால் கட்டி ஆத்தா முன்னால் தட்டில் வைப்பார்கள். வெள்ளை வந்தால் கல்யாணம். சிவப்பு வந்தால் அந்தச் சம்பந்தம் அத்தோடு சரி. பொட்டலம் கட்டுவது வீட்டில் கல்யாணமாகாத கை. எடுப்பது வீட்டில் மூத்த கை. எடுக்காமல் மிஞ்சுகிற இரண்டாவது பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது. கட்டியவளே அதைக் கொண்டுபோய்க் கொள்ளிடத்தில் விட வேண்டும்.

மலர்க்கொடிக்கு மூன்று மாப்பிள்ளைகளுக்குப் பூக் கேட்டார்கள். மூன்று தடவையும் சிவப்பு. கட்டியவள் கல்யாணமே ஆகாத அமிர்தம் அத்தை. மூன்றாவது தடவை சிவப்பு வந்தபோது மலர்க்கொடி அழக்கூட இல்லை. மனிதர்கள் வேண்டாமென்று சொல்லியிருந்தால் மனசு ஆறியிருக்காது. சொன்னது ஆத்தா. அவளிடம் போய் என்ன சண்டை போடுவது? அந்த ஒரு நினைப்பை வைத்துக்கொண்டு முப்பது வருஷத்துக்கும் மேல் ஓட்டிவிட்டாள்.

அத்தை போன பிறகு கட்டுகிற கை மலர்க்கொடியுடையது ஆனது. அண்ணன் பெரியண்ணனின் இரண்டு மகன்களுக்கும் அவள்தான் கட்டினாள். ஒவ்வொரு தடவையும் ஒன்றில் சிவப்பு, ஒன்றில் வெள்ளை என்று ஒழுங்காகவே கட்டினாள். பெரியவனுக்கு முதல் இடம் சிவப்பு வந்து, அடுத்த இடம் வெள்ளை வந்தது. சின்னவனுக்கு எடுத்த எடுப்பிலேயே வெள்ளை. இரண்டு பேரும் திருப்பூரில் இருக்கிறார்கள்.

மிச்சம் இருந்தது பவித்ரா. பெரியண்ணனின் கடைக்குட்டி. மருந்தாளுநர் படிப்பு முடித்துவிட்டு மன்னார்புரத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிறாள். தாத்தாவுக்கு டயப்பர் அவள்தான் வாங்கி வருவாள். இருபத்தெட்டு வயதாகிவிட்டது. வந்த வரன்கள் எல்லாம் பூக் கேட்கிற கட்டத்துக்கு முன்னாலேயே ஏதோ காரணத்தில் கழன்றுகொண்டன. இந்த ஒன்றுதான் நிலைத்தது. திருவானைக்காவலில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் அரவிந்தன்.

பெண் பார்க்க வந்த அன்று அரவிந்தனின் அம்மா அடைக்கலத்தின் கட்டிலருகே வெகுநேரம் நின்றார். அங்கன்வாடியில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். எதையும் உற்றுப் பார்க்கிற கண்.

"இம்புட்டு வயசுல மேலு இவ்வளவு சுத்தமா இருக்கே. யாருங்க பாத்துக்கறது?"

அந்த வீட்டுக்கு வந்தவர்களில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். பெரியண்ணன் தொண்டையைச் செருமினார். "என் தங்கச்சிதாங்க" என்றார்.

அந்த அம்மாள் மலர்க்கொடியைப் பார்த்தார். பிறகு பவித்ராவைப் பார்த்தார். 

பவித்ராவும் அரவிந்தனும் அன்று முதல் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். கொல்லைப்புறத்தில் நின்று அவள் சிரிக்கிற சத்தம் அடுப்படிவரை கேட்கும்.

"என்னடி சிரிப்பு?" என்று மலர்க்கொடி கேட்டால், "அவருக்குத் தேனீ மாதிரி ஒரு குரல் அத்தை. எந்நேரமும் மோட்டார் பக்கத்துல நின்னு நின்னு, பேச்சும் அப்படியே ஆயிருச்சு" என்பாள்.

"கட்டிக்கிட்ட பொறவு ராத்திரியெல்லாம் பம்புசெட்டுக்குப் பக்கத்துல படுத்த மாதிரி இருக்கும்."

"அத்தே! உனக்கு வாயப் பாரு."

பூக் கேட்க நாள் குறித்தார்கள். ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை.

வியாழக்கிழமை மத்தியானம் மலர்க்கொடி இலை அறுக்கக் கொல்லைக்குப் போனாள். பெரியண்ணன் அங்கே காய்ந்த சருகைக் கழித்துக்கொண்டிருந்தார். எழுபத்தொரு வயது. இன்னும் தார் சுமக்கிறார்.

"எத்தனை எலை மலரு?"

"ஒரு கொழுந்து போதும்ணே. ரெண்டாக் கிழிச்சுக்குவேன்."

அவரே நல்ல கொழுந்தாகப் பார்த்து அறுத்தார். கொடுக்கும்போது சாதாரணமாகச் சொன்னார். "ரெண்டுலயும் செவப்பு வச்சிரு."

"என்னண்ணே?"

"ரெண்டு பொட்டலத்துலயும் செவ்வரளி. வெள்ளையே வேணாம்."

வாழைக்குள் காற்று இல்லை. மலர்க்கொடி இலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அது ஆத்தா வாக்குண்ணே. அதுல போயி..."

"ஆத்தா வாக்குதான். யாரு இல்லேன்னா? என்னமோ புதுசாக் கேக்குற மாதிரி கேக்குற. அமிர்தம் அத்தை உனக்குக் கட்டலியா?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவரும் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியும்னுல்ல இத்தன வருஷமா நெனச்சிட்டிருந்தேன்" என்றார். குரலில் நிஜமான ஆச்சரியம் இருந்தது. "மூணு தடவையும் செவப்பே எப்படி மலரு வரும்?"

"யாரு சொன்னது அத்தைகிட்ட?"

"அப்பாதான். தாத்தா அப்ப படுக்கையில. அம்மாவுக்கு இடுப்பு முடியல. அத்தைக்கும் தளந்து போச்சு. வீட்டுக்கு ஒரு கை வேணும்ல?"

"அத்தை ஒண்ணும் சொல்லலியா?"

"அவ என்னத்த சொல்லுவா? அவளுக்கும் படுக்கை வரும்ல. வந்துச்சுல்ல. ஒரு புண்ணு இல்லாமப் போனா. இந்தச் சுத்துவட்டாரத்துல எந்தக் கெழவி அப்படிப் போனா, சொல்லு?"

 அத்தையின் கடைசி வருஷங்கள் மலர்க்கொடியின் கைக்குத் தெரியும். முதுகெலும்பின் ஒவ்வொரு முடிச்சும் தெரியும். புரட்டும்போதெல்லாம் அத்தை அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். நன்றி என்று நினைத்திருந்தாள்.

"எனக்கு எழுவத்தொண்ணு" என்றார் பெரியண்ணன். "வேற வீடா இருந்தா முடிஞ்சுபோச்சுன்னு இருக்கலாம். நம்ம வீட்டுல இன்னும் முப்பது வருஷம் கெடக்கு. மருமவளுங்க பொங்கலுக்கு வந்தா கரிநாளு அன்னிக்கே பஸ் ஏறுறாளுங்க. சரி, என்ன விடு. நீ விழுந்தா உன்ன யாரு தூக்குவா?"

"அவ உன் பொண்ணுண்ணே."

"பொண்ணாங்காட்டிதான். அடுத்தவன் பொண்ணக் கேக்க முடியுமா?" அவர் அரிவாளைத் தண்டில் கொத்தி நிறுத்தினார். "அவளுக்கும் இங்க என்ன கொற? சோறு இருக்கு, வேல இருக்கு. நீ இல்லியா? எலையக் கிழியாமக் கொண்டு போ."

அடுப்படியில் அண்ணி மாரியாயி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மலர்க்கொடி இலையைத் தண்ணீர் தெளித்துச் சுவரோரம் சாத்தினாள்.

"அண்ணி, நாளைக்கு வெள்ளை வருங்களா?"

மாரியாயி நிமிரவில்லை. "நீதானே கட்டுற" என்றாள். கொஞ்சம் கழித்து, "எனக்கு முட்டி ரெண்டும் போயிருச்சு மலரு" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம்தான் என்று சொல்லவும் முடியாது, இல்லை என்று சொல்லவும் முடியாது.

சாயங்காலம் பவித்ரா வேலையிலிருந்து வந்து ஸ்ரீரங்கம் பஸ் ஸ்டாப்பில் இறங்கினாள். மலர்க்கொடி அங்கே காத்திருந்தாள். இருவரும் சாத்தார வீதிக்குப் பூ வாங்கப் போனார்கள். வழக்கமாக வாங்குகிற கடையில் லூர்துராணி மாலை கட்டி வைத்திருந்தாள். உதிரிப் பூ தனியாக நிறுத்துக் கொடுத்தாள்.

"என்ன பாப்பா, நாளைக்குத்தானா?"

"ஆமாக்கா. ஆத்தா என்ன சொல்றான்னு பாப்போம்."

"நானும் நாள் பூரா பூவுலதான் உக்காந்திருக்கேன். என் புருஷனப் பத்தி ஒரு பூவும் எனக்கு ஒண்ணும் சொல்லல. சொல்லியிருந்தா கட்டிக்காம இந்நேரம் மாதா கோயில்ல மணி அடிச்சிட்டு நிம்மதியா இருந்திருப்பேன்."

பவித்ரா வாய்விட்டுச் சிரித்தாள். மலர்க்கொடி நந்தியாவட்டை இருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். செவ்வரளி மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கலாம். வாங்கிவிட்டாள்.

மினி பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது பவித்ரா கேட்டாள். "செவப்பு வந்துட்டா என்ன அத்தை பண்றது?"

"ஏன்டி அதப் பேசுற?"

"இல்ல, சும்மா. அவரு கேட்டாரு. செவப்பு வந்தா ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வருவியான்னு. நான் மாட்டேன்னுட்டேன். ஆத்தா வேணாம்னு சொன்னப்புறம் போயி கட்டிக்கிட்டு, நாளைக்கு அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா? காலத்துக்கும் என்னாலதான்னு இருக்கும். அவங்க அம்மாவும் அப்படித்தான். ஆத்தா வாக்க மீற மாட்டாங்க." அவள் மலர்க்கொடியின் தோளில் சாய்ந்துகொண்டாள். "வந்தா வந்துட்டுப் போவுது. உன்ன மாதிரி இருந்துட்டுப் போறேன். நீ என்ன கெட்டா போயிட்ட?"

அன்பாகத்தான் சொன்னாள். மலர்க்கொடி பூப்பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. வந்ததை நிறுத்தியது அண்ணன் மேல் இருந்த பயமில்லை. நீ விழுந்தால் உன்னை யார் தூக்குவார்கள் என்று அவர் கேட்டது மத்தியானத்திலிருந்து உள்ளேயே உட்கார்ந்திருந்தது. தோளில் சாய்ந்திருந்த தலை கனமாக, சூடாக இருந்தது. இந்தப் பெண்ணின் கை நல்ல கை. ஊசி போட்டால் வலிக்காது. தாத்தாவைப் புரட்டக் கூப்பிட்டால் மூக்கைச் சுளிக்காமல் வருவாள். மலர்க்கொடி அதையெல்லாம் நினைத்தாள். நினைத்ததைத் தானே கண்டுகொண்டாள். பஸ் வந்தது. ஏறிக்கொண்டார்கள்.

காலையில் குளித்துவிட்டு ஈரப் புடவையோடு பொட்டலம் கட்ட உட்கார்ந்தாள். இரண்டு செவ்வரளி வைத்தால் அண்ணன் சொன்னது. இரண்டு நந்தியாவட்டை வைத்தால் பவித்ரா தப்பித்துவிடுவாள். ஆனால் அமிர்தம் அத்தை செய்ததும் இதுதான், பூவின் நிறம் மட்டும்தான் வேறு. ஆத்தாவை ஏமாற்றுகிற கை என்று தன் கையை நினைத்துப் பார்க்க அவளால் முடியவில்லை. இத்தனை வருஷம் அந்தக் கல்லை நம்பித்தான் இருந்திருக்கிறாள். இனி வேறு எதை நம்புவது?

ஒன்றில் சிவப்பு வைத்தாள். ஒன்றில் வெள்ளை வைத்தாள். சுருட்டி நார் போட்டு இறுக்கினாள். கண்ணை மூடிக்கொண்டு தட்டில் உருட்டினாள். எது எது என்று அவளுக்கே தெரியாமல் போயிற்று.

இதில் நான் இல்லை, நீயே சொல்லிவிடு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். சொன்னதும் பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

வாசலில் பெரியண்ணன் தட்டை எட்டிப் பார்த்தார். இரண்டும் ஒரே அளவாக இருந்தன. "கட்டியாச்சா?" என்றார். "ஆச்சுண்ணே" என்றாள்.

அடைக்கலத்தை ஊர் ஆட்டோக்காரர் அப்துல் அஹதின் வண்டியில் வைத்துக் கொண்டுபோனார்கள். கரையில் ஆட்டோ நின்ற இடத்திலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு நடந்தார்கள். முக்கொம்பு அணையில் மதகைத் திறந்துவிட்டிருந்ததால் கொள்ளிடத்தில் தண்ணீர் கரையை ஒட்டிப் போனது. செம்மண் நிறம். சத்தம் இல்லை. வேப்பமரத்தின் வேரைத் தொட்டுத் தொட்டு நகர்ந்துகொண்டிருந்தது.

அரவிந்தன் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான். அவன் அம்மா புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு கல்லுக்கு நேரே நின்றார். பூசாரி சூடம் காட்டினார். தட்டை மூன்று சுற்றுச் சுற்றி, அடைக்கலத்தின் மடிக்கு முன்னால் நீட்டினார்.

"பெரியவரே, ஆத்தாள நெனச்சு ஒண்ண எடுங்க."

அடைக்கலத்துக்குக் கண்ணில் பால் படர்ந்துவிட்டது. கை தட்டின் மேல் அலைந்தது. ஒன்றைத் தொட்டது. விட்டது. மற்றதை எடுத்தது.

பூசாரி நாரை அறுத்தார். இலையை விரித்தார்.

செவ்வரளி.

 மலர்க்கொடி விரிந்த இலையையே பார்த்தாள். நிஜமாகவே சிவப்பு. யாரும் ஏமாற்றவில்லை. ஆத்தாவே சொல்லியிருக்கிறாள். தட்டில் மிஞ்சிக் கிடக்கிற பொட்டலத்துக்குள் வெள்ளை இருக்கிறது. அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

கூட்டத்துக்கு அப்பாலிருந்து பெரியண்ணன் அவளைப் பார்த்தார். லேசாகத் தலையை அசைத்தார். நல்லது, சொன்னபடி செய்தாய் என்கிற அசைப்பு. வேலைக்காரர்கள் தாரை அடிபடாமல் இறக்கினால் அப்படித்தான் அசைப்பார்.

அரவிந்தனின் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா சொல்லியாச்சு" என்றார். "வாப்பா." அரவிந்தன் நகரவில்லை. பவித்ராவைப் பார்த்தபடி நின்றான்.

பவித்ரா சிவந்த பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அழவில்லை. நேரே நடந்து வந்தாள். மலர்க்கொடியின் தோளில் கிடந்த ஈரிழைத் துண்டை எடுத்தாள். குனிந்து, தாத்தாவின் வாயோரம் வழிந்த எச்சிலைத் துடைத்தாள். கழுத்து மடிப்பையும் துடைத்தாள். துண்டைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

அவ்வளவுதான் செய்தாள். யாரும் அதைப் பெரிதாகப் பார்க்கவில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில் தானும் அதையே செய்ததாக மலர்க்கொடிக்கு ஞாபகம் வந்தது. அன்று நாற்காலியில் தாத்தா.

"மிச்சத்த ஆத்துல விட்டுரும்மா" என்று பூசாரி தட்டை நீட்டினார்.

மலர்க்கொடி இரண்டாவது பொட்டலத்தைக் கையில் எடுத்தாள். அடிவயிற்றிலிருந்து குரல் வந்தது.

"இதுலயும் செவப்புதான் இருக்கு."

பூசாரி தட்டைக் கீழே வைத்தார்.

"அண்ணன்தான் அப்படிக் கட்டச் சொல்லுச்சு. ரெண்டுலயும் செவப்பு வைன்னுச்சு. வீட்டுல கெழங்கட்டைங்களப் பாக்க ஆள் வேணும்னு. எனக்கும் அப்படித்தான் கட்டுனாங்க. மூணு தடவையும்."

"மலரு!" என்றார் பெரியண்ணன். "வீட்டு விஷயத்த இங்க வச்சு ஏன் பேசுற?"

இல்லை என்று அவர் சொல்லவில்லை. அதை எல்லோரும் கவனித்தார்கள். அரவிந்தனின் அம்மா முதலில் கவனித்தார்.

"அப்பா?" என்றாள் பவித்ரா.

"அவ ஏதோ வயித்தெரிச்சல்ல பேசுறா."

"பிரிச்சுப் பாத்துட்டாப் போச்சு" என்றார் பூசாரி. "வழக்கமில்லதான். ஆனா ஆத்தா பேரு கெடக் கூடாது. குடும்மா."

அவர் கையை நீட்டினார். மலர்க்கொடியின் விரல்கள் இலையைச் சுற்றி இறுகின. உள்ளே நந்தியாவட்டை நசுங்குவது தெரிந்தது. ஓர் அடி பின்னால் வைத்தாள். பின்னால் வேர். அதற்குப் பின்னால் தண்ணீர். பூசாரி இன்னும் ஓர் அடி முன்னால் வந்தார்.

அதற்குள் பெரியண்ணன் பாய்ந்துவிட்டார். அந்த வயதுக்கு அப்படி ஒரு வேகம். அவள் மணிக்கட்டை முறுக்கிப் பொட்டலத்தைப் பிடுங்கினார். "பிரிக்கக் கூடாதுன்னா கூடாது! அது நம்ம வழக்கம்!" என்று கத்திக்கொண்டே வீசினார். தூரத்தில் போய் விழுந்தது. செம்மண் தண்ணீர் அதை ஒரு சுழற்றுச் சுழற்றியது. பிறகு காணவில்லை.

பிரித்திருந்தால் வெள்ளை இருந்திருக்கும். தங்கை பொய் சொல்கிறாள் என்று ஊரே பார்த்திருக்கும். அவரைக் காப்பாற்ற இருந்த ஒரே பொருளை அவரே ஆற்றில் எறிந்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

அரவிந்தனின் அம்மா வாயில் கைவைத்தபடி இருந்தார். பிறகு கையை எடுத்தார்.

"பெத்த பொண்ணுக்கு. ஆத்தாளையே வச்சு." கரகரவென்று பேசினார். "ரெண்டுலயும் செவப்பு வச்சா, ஆத்தா எதச் சொல்லுவா? அவ ஒண்ணுமே சொல்லல. சொல்ல விடல இந்த ஆளு." பவித்ராவின் தோளில் கிடந்த துண்டை உருவி நாற்காலியின் கையில் போட்டார். அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "இந்தப் பொண்ண இங்க விட்டுட்டுப் போனா எனக்குத் தூக்கம் வராது. நீ என்ன சொல்ற தாயி?"

பவித்ரா அத்தையைப் பார்த்தாள். "நிஜமா அத்தை? ரெண்டுலயும் செவப்பா?"

ஆத்தாவுக்கு முன்னால் நின்றுகொண்டு மலர்க்கொடி சொன்னாள். "நிஜமாத்தாண்டி. நான்தானே கட்டுனேன். போ."

தண்ணீர் வேரைத் தொட்டது. நகர்ந்தது.

கல்யாணம் ஐப்பசியில் திருவானைக்காவலில் நடந்தது. பெரியண்ணன் மண்டபத்தில் தூணோரமாக நின்றுவிட்டு, சாப்பிடாமல் திரும்பினார். மலர்க்கொடியோடு பேச்சை நிறுத்திவிட்டார். வெள்ளிக்கிழமைதோறும் படுகையாயிக்கு எண்ணெய் கொண்டுபோய் ஊற்றினார். ஒருநாள் போகும்போது படியில் நின்றார்.

"நான் சொன்னபடிதானே கட்டுன அன்னிக்கு?"

"ஆமாண்ணே."

"அப்ப எனக்குத்தான்" என்றார். எது என்று சொல்லவில்லை. எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனார். கொஞ்சம் கூன் விழுந்திருந்தது. நடக்காத குற்றத்துக்கு விளக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார் என்று அவருக்குச் சொல்ல அவளால் முடியவில்லை. சொன்னால் பவித்ராவுக்கும் தெரிந்துவிடும்.

தை பிறந்து சில நாள் இருக்கும். மத்தியானம் அப்பாவுக்குச் சோறு குழைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"அத்தை, ஞாயித்துக்கிழமை வரலாம்னு இருந்தோம். முடியாது போலருக்கு."

"ஏன்டி?"

"அவருக்கு உடம்பு கொஞ்சம் சரியில்ல. காய்ச்சல்தான். ரெண்டு நாளா விட்டு விட்டு வருது."

மலர்க்கொடியின் கை தட்டில் நின்றது. "டாக்டர்கிட்ட காட்டுனியா?"

"நானே மாத்திரை குடுத்திருக்கேன். பின்ன எதுக்குப் படிச்சேன்?" சிரித்தாள். பின்னாலிருந்து அரவிந்தன் ஏதோ சொன்னான். குரல் அடைத்திருந்தது. "பம்புசெட்டு ரிப்பேருன்னு உன்கிட்ட சொல்லச் சொல்றாரு" என்றாள் பவித்ரா.

"ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாருடி. இன்னிக்கே."

"ஐயோ, காய்ச்சலுக்குப் போயி. ஏன் அத்தை குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. சாயங்காலம் போன் பண்ணு. மறக்காதே."

"சரி, சரி."

கட்டிலில் அடைக்கலம் வாயைத் திறந்துகொண்டு அடுத்த கவளத்துக்குக் காத்திருந்தார். அவள் கொடுத்தாள். விழுங்கிவிட்டாரா என்று தொண்டையைப் பார்த்தாள். வாயைத் துடைத்தாள். ஒரு கையைத் தோளுக்குக் கீழும் ஒரு கையை இடுப்புக்குக் கீழும் கொடுத்து, முதுகு காற்றாடப் புரட்டிப் படுக்கவைத்தாள். இன்னும் நல்ல கனம் இருந்தது அவருக்கு.

வழக்கமாகப் போனை அடுப்படி மாடத்தில் வைப்பாள். அன்று எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அந்த வீட்டில் யாருக்கும் ஆயுசு குறைந்ததில்லை. அவளுக்கும் குறையாது. என்ன செய்தி வந்தாலும், எத்தனை வருஷம் கழித்து வந்தாலும், கேட்பதற்கு அவள் இருப்பாள்.